கூலி: ஒரு சொல்லின் பயணம்



ஆங்கில அகராதியைப் புரட்டினாலும் பிரெஞ்சு அகராதியைப் புரட்டினாலும் ‘கூலி’ என்ற சொல் ஒரே எழுத்துக்களுடன் நிற்கக் காணலாம். இரு மொழிகளிலும் அது ஆசிய நாட்டு உடலுழைப்பாளியைக் குறிக்கும். இகழ்ச்சியும் அதனுடன் ஒட்டியே இருக்கிறது.

இதன் பிறப்புப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. குஜராத்தின் கோலி சமூகத்தவரின் பெயரே போர்த்துக்கேயர் வழியாகப் பரவிற்று என்பர் சிலர். தமிழே மூலம் என்பர் வேறு சிலர். 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன் ஜொப்சன்’ அகராதி இரண்டையும் பேசுகிறது. இரண்டும் கலந்தே இன்றைய பொருள் உருவாயிற்று என்பது என் எண்ணம்.

ஆனால் தமிழில் கூலி என்பது ஆளைக் குறித்த சொல்லன்று. உழைப்பின் பயனைக் குறித்தது. வள்ளுவர் 619ஆம் குறளில், வருந்தி முயல்பவனுக்குத் தவறாது கிட்டும் பயன் என்றே அதனை வைத்தார். பெறவேண்டிய ஊதியத்தின் பெயர், அதைப் பெறவேண்டிய மனிதனின் பெயராக மாறியதுதான் இச்சொல்லின் சோகம். சீனர் இதனை எழுதியபோது ‘கசப்பு’, ‘வலு’ எனப் பொருள்படும் இரு எழுத்துக்களால் எழுதினர்.

1853 முதல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரி, காரைக்கால் வழியாக மார்த்தினிக் தீவுக்கு ஆட்களைக் கொண்டுசென்றனர். இலங்கையிலோ 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் ‘இந்தியக் கூலிகள்’ என்றே நம்மவரைச் சுட்டிற்று. பசறை, லுணுகலை, நமுனுகுலைத் தோட்டங்களில் அவர்களுக்குக் கிடைத்ததோ கூலியை முந்திக்கொண்ட கடன். அக்கடனைச் சுமந்த ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிந்தது.

நாம் கொடுத்த சொல்லுக்கு ஈடாக ஆங்கிலம் ஒரு சொல் தந்தது. வரிசை வீடுகளைக் குறித்த ‘லைன்’ நம் வாயில் லயமாயிற்று. இசையின் லயத்துக்கும் அதற்கும் உறவேதுமில்லை!

ஊவாத் தோட்டங்களில் நான் கேட்டு வியந்த வழக்கு இன்னொன்றுண்டு. ஒருநாட் சம்பளத்தை அங்கு ‘பேர்’ என்பார்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. வெளியுலகம் கூலியை மனிதனின் பேராக்கிற்று. தோட்டமோ மனிதனின் பேரையே கூலியாக்கிற்று. அரைநாட் சம்பளம் இழந்தவர் பேரிலும் பாதியை இழந்தவராகிறார்.

மொறீசியஸ் கவிஞர் கால் தொராபுல்லி, 1992இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூலில் இவ்வசைச்சொல்லிலிருந்தே ‘கூலித்துவம்’ என்ற கருத்தை வடித்து, அதனைப் பெருமைக்குரியதாக்க முயன்றார். போற்றத்தக்க முயற்சிதான். எனினும் சொல்லை மீட்பதோடு பணி முடிவதில்லை. 1000 ரூபா நாட்சம்பளத்துக்கே மலையகம் 2021வரை போராட வேண்டியிருந்தது. வள்ளுவர் தந்த பொருளில் கூலி முழுமையாகக் கைக்கு வரும் நாளில்தான் இச்சொல்லின் இழிவு நீங்கும்.