மாத்திரையும் அச்செழுத்தும்: அயோத்திதாசப் பண்டிதரும் தங்கவயலும்

கோலார் தங்கவயலின் தமிழ் அறிவு வரலாற்றை எழுதுவோர் எவரும் 'தமிழன்' இதழைக் கடந்து செல்ல இயலாது. ஆனால் அவ்விதழைத் தொடங்கியவர் தொழிலால் மருத்துவர் என்னும் செய்தி பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. சிந்தனையாளர், பௌத்த மீட்பர், இதழாளர் என்று விரித்தெழுதிவிட்டு, 'சித்த வைத்தியமும் பார்த்தார்' என்று ஓர் ஓரத்தில் சேர்க்கிறோம். இவ்வரிசையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

1845 மே 20 அன்று பிறந்த காத்தவராயன், தம் ஆசிரியரின் பெயரையே ஏற்று அயோத்திதாசர் ஆனார். 'பண்டிதர்' என்னும் சொல் இன்று நமக்குப் புலமையை மட்டுமே உணர்த்துகிறது. அக்காலத் தமிழ் வழக்கில் அது நாட்டு மருத்துவரையும் குறித்தது. ஏடு படிப்பவரும் நாடி பார்ப்பவரும் ஒருவராகவே இருந்த மரபு அது. இராயப்பேட்டையில் அவரிடம் மருத்துவம் பெற்றோருள் சிறுவனாயிருந்த திரு.வி.க.வும் ஒருவர். முடங்கிய தம் கால்கள் பண்டிதரின் சிகிச்சையால் நலம்பெற்றதைத் தம் 'வாழ்க்கைக் குறிப்புக்க'ளில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

1907 ஜூன் 19, புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. விலையே பெயரானது ஒரு குறும்பு. அடுத்த ஆண்டே வாசகர் விருப்பப்படி 'ஒரு பைசா' உதிர்ந்து 'தமிழன்' மட்டும் நின்றது. இதழின் நோக்கவுரை, தத்துவம், கணிதம், இலக்கியம் அறிந்தோரோடு இயற்கையை ஆராய்வோரையும் ஒன்றாக நிறுத்துகிறது. சாதிக் கொடுமையை அவர் விவரிக்கும் முறையிலும் மருத்துவர் தெரிகிறார். நல்ல நீரை மொண்டு குடிக்க விடாமல் தடுப்பதும், அசுத்த நீரால் நோய் பெருகுவதும் அவர் மீண்டும் மீண்டும் எழுப்பும் குற்றச்சாட்டு. அவருக்குத் தீண்டாமை மான இழப்பு மட்டுமன்று. அது உடலை நோயாளியாக்கும் ஏற்பாடு.

அவருடைய நகைச்சுவை தனித்துப் பேசத் தக்கது. எதிராளியை அவர் வைவதில்லை, பெயர் மாற்றிவிடுகிறார். 'யதார்த்த பிராமணர்', 'வேஷ பிராமணர்' என்னும் பிரிப்பு அத்தகையது. 'வேஷம்' என்ற கூத்துமேடைச் சொல் ஒன்றை முன்னே ஒட்டியதும், பிறப்பால் வந்த உயர்வு ஒப்பனையாகச் சுருங்கிவிடுகிறது. தீபாவளிக்கு அவர் தரும் விளக்கம் இன்னும் சுவையானது. அசுரனுமில்லை, வதமுமில்லை. பௌத்தர்கள் எள்ளிலிருந்து நெய் எடுத்து, அதன் குணம் அறிந்து, தீபவதி என்னும் ஆற்றில் தேய்த்து முழுகிய நாளே அது என்கிறார். ஒரு பண்டிகையை மருந்துச் சோதனையாக வாசிக்க வைத்தியருக்கன்றி வேறு யாருக்குத் தோன்றும்?

மொழியியல் அளவுகோலில் இவ்வகைச் சொல்லாராய்ச்சி பெரும்பாலும் நிற்காது. அதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது. ஆனால் அவற்றை வேர்ச்சொல் ஆய்வாக அளப்பதைவிட, நோய்முதல் நாடும் முறையாக வாசிப்பதே பொருந்தும். வழக்கில் திரிந்த சொல் அவருக்கு ஒரு நோய்க்குறி. அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகிறார். (எழுத்தின் ஒலியளவும் மருந்தின் உருண்டையும் தமிழில் 'மாத்திரை' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குவது அவருக்கு உவப்பாய் இருந்திருக்கும்.)

இனித் தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் விரித்த சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பெருந்திரளான ஒடுக்கப்பட்ட தமிழர் வந்தனர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் அமைந்தது. எம்.ஒய். முருகேசர் போன்றோர் பண்டிதரின் இயக்கத்தைத் தாங்கினர். 1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தார். அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்திய இதழ் பின்னர் நின்றது. 1926இல் அதை மீண்டும் எழுப்பியது சென்னையன்று, தங்கவயல். ஜி. அப்பாதுரையார் ஆசிரியரானார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை சிறு வெளியீடுகளாகத் தொடர்ந்து அச்சிட்டது.

அந்த வாசகர்களின் உடலையும் நினைக்க வேண்டும். பாறைத் தூசு நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் நோய், இந்தியாவில் முதன்முதலாக 1947இல் கோலார் சுரங்கங்களிலிருந்துதான் மருத்துவ ஏடுகளில் பதிவானது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் 100க்கு 40 பேருக்கு மேல் அந்நோய் இருந்தது. அதற்கு இரு பத்தாண்டுகளுக்கு முன்பே, அதே தூசை உள்ளிழுத்த மக்களிடையேதான் ஒரு வைத்தியரின் இதழ் மறுபிறப்பெடுத்தது. சுரங்க முதலாளிகளின் ஆவணங்களில் இம்மக்கள் ஆள்கணக்கு. 'தமிழன்' அவர்களை வாசகராகக் கண்டது.

ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்த பிறகே பல்கலைக்கழகங்கள் பண்டிதரைத் திரும்பிப் பார்த்தன. 2005இல் தாம்பரத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்குகிறது. தங்கவயலின் சுரங்கங்கள் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2001 பிப்ரவரி 28 அன்றே மூடப்பட்டுவிட்டன.