சீமைப் படிப்பும் வீட்டு நினைவும்

கடல் கடப்பவன் ஜாதியை இழப்பான் என்ற விதி போதாயன தர்ம சூத்திரத்தின் காலந்தொட்டே நம் தேசத்தில் இருந்து வந்தது. ஆயினும் அதை மீறிப் படிப்புக்காகவே கப்பலேறத் துணிந்தவர்களின் சரித்திரம், 1845-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் துவாரகாநாத தாகூர் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மாணாக்கர் நால்வரைத் தம்மோடு லண்டனுக்கு அழைத்துச் சென்ற நாளிலேயே ஏறக்குறையத் தொடங்கிவிடுகிறது. அதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 1868-இல், சுரேந்திரநாத பானர்ஜி, ரமேச சந்திர தத்தர், பிஹாரிலால் குப்தர் ஆகிய மூன்று வங்காள வாலிபர்கள் சிவில் சர்வீஸ் பரீட்சையின் பொருட்டு ஊராருக்குத் தெரியாமல் புறப்பட்டார்கள். பின்னிருவர் வீட்டாருக்கே சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டார்கள். மறு வருஷம் சூயஸ் கால்வாய் திறந்தது. வழி சுருங்கிற்று, செலவும் அச்சமும் ஓரளவு குறைந்தன, போகிறவர் தொகை பெருகிற்று.

இவர்கள் போனதைப் பற்றியும், திரும்பி வந்தபின் செய்துகொண்ட அல்லது செய்துகொள்ள மறுத்த பிராயச்சித்தங்களைப் பற்றியும் நம்மவர் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய முதல் ஒரு மாதம் அவர்கள் எப்படி இருந்தார்கள், என்ன தின்றார்கள், எந்த நேரத்தில் அழுதார்கள் என்பதை எழுதியவர் சொற்பம். பெரிய மனிதர்களின் சரித்திரத்தில் அழுகைக்கு இடம் கொடுப்பது கௌரவக் குறைவு என்று நம் சரித்திரக்காரர்கள் எண்ணினார்கள் போலும். அந்த ஏக்கத்தில் ஒரு விசேஷமும் இருந்தது: ஊரை எதிர்த்துக்கொண்டு போனவன், ‘போனது தவறு, திரும்பி வந்துவிடுகிறேன்’ என்று எந்த முகத்தோடு வீட்டுக்கு எழுதுவான்?

இந்த விஷயத்தில் ஒளிவு மறைவின்றி எழுதியவர் மகாத்மா காந்தி. பம்பாயில் மோத் பனியா ஜாதியார் கூடி அவரை விலக்கி வைத்தார்கள். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று தாயாரிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, 1888 செப்டம்பர் 4-ஆம் தேதி அவர் கப்பலேறினார். பத்தொன்பது வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. வீட்டில் மனைவியும் சில மாதக் குழந்தையும் இருந்தார்கள். இறங்கும்போது அழகாக இருக்கட்டும் என்று வெள்ளை பிளானல் உடுப்பு அணிந்துகொண்டு இறங்கியவர், செப்டம்பர் மாதக் கடைசியின் அந்தக் குளிரில் கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் வெள்ளை உடுத்தவர் தாம் ஒருவரே என்று கண்டார். மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டிகளும் சாவிகளும் கம்பெனி ஏஜெண்டு வசத்தில் இருந்தன. அன்று சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு, திங்கட்கிழமை வரையில் அந்த வெள்ளை உடுப்பே கதி. அன்று மாலை பார்க்க வந்த டாக்டர் பிராணஜீவன மேத்தாவின் பட்டுத் தொப்பியை எடுத்து, அதன் மென்மயிரை ஆர்வத்தோடு எதிர்ப்பக்கமாகத் தடவிக் கலைத்துவிட்டு, பிறர் பொருளைத் தொடலாகாது என்ற ஐரோப்பிய மரியாதையின் முதல் பாடத்தையும் அவரிடமே கேட்டுக்கொண்டார்.

பகல் இப்படிக் கழிந்தது. இரவில் தாயாரின் நினைவும் வீட்டின் நினைவும் சேர்ந்து வந்தன, கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, தூக்கம் வரவில்லை. எனினும் அவர் கதையைக் கவனித்துப் படிப்பவர்களுக்கு ஒன்று விளங்கும்: அந்த ஏக்கத்தில் சரிபாதி பசி. ரிச்மண்டில் நண்பர் ஒருவருடன் தங்கியிருந்தபோது, காலையில் ஓட்ஸ் கஞ்சி வயிற்றை நிரப்பினாலும், பகலுக்கும் இரவுக்கும் ஏதோ கீரையும் ரொட்டியும் ஜாமுமே கிடைத்தன. மூன்று துண்டுக்கு மேல் ரொட்டி கேட்க நாணம் தடுத்தது. பிறகு மேற்குக் கென்ஸிங்டனில் ஒரு விதவையின் வீட்டில் குடியிருந்தபோது, அந்த அம்மையாரின் இரு பெண்கள் பரிதாபப்பட்டு இன்னும் ஒன்றிரண்டு துண்டு வைப்பார்களாம். முழு ரொட்டியையே வைத்தாலன்றித் தம் வயிறு நிறையாது என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவார்கள் என்கிறார். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடி, ஒரு நாள் பாரிங்டன் தெருவில் சைவ போஜனசாலை ஒன்றைக் கண்டுபிடித்தார். வாசலிலேயே ஸால்ட் என்பவர் எழுதிய சைவ உணவு நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போய், இங்கிலாந்து வந்தபின் முதல் தடவையாக வயிறார உண்டார். அந்தப் போஜனசாலைக்குப் பின் அவர் கதையில் அழுகையைக் காணோம்.

அக்காலத்துத் தபாலையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை கட்டும் தபால் பம்பாய் சேர இரண்டு வாரங்களுக்கு மேலாகும். பதில் வர மறுபடியும் அவ்வளவு. மகன் அழுதுகொண்டே எழுதிய கடிதத்தைத் தாய் படிக்கும்போது அவன் ஒருவாறு தேறியிருப்பான். தாய் புதிதாக அழத் தொடங்குவாள். அவள் தேறுதல் சொல்லி எழுதியது வந்து சேரும்போது அவனுக்கு வேறு கவலை வந்திருக்கும். இக்காரணத்தால் அனுபவசாலிகளாகிய மாணாக்கர் முதல் மாதத்தில் வீட்டுக்குத் தட்ப வெப்பத்தைப் பற்றி மட்டும் எழுதினார்கள் என்றால் அதைக் கபடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெண்களில் இந்தப் பரீட்சைக்கு முதன் முதலில் உட்பட்டவர்களுள் ஒருவர் ஆனந்திபாய் ஜோஷி. 1883 ஏப்ரலில் கல்கத்தாவிலிருந்து கணவரின்றித் தனியே புறப்பட்டு அமெரிக்கா சென்றபோது அவருக்கு வயது பதினெட்டு. ஆனால் அவருக்கு ஒரு பாக்கியம் இருந்தது: புறப்படுவதற்கு முன்னரே கடித மூலமாக உறவாகிவிட்ட கார்ப்பெண்டர் அம்மையாரின் வீடு நியூ ஜெர்ஸியில் காத்திருந்தது. அங்கே கோடைக்காலத்தைக் கழித்துவிட்டு, பிலடெல்பியாவில் மாதர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபின்தான் அவருக்குச் சோதனை தொடங்கிற்று. தங்கிய அறையில் கணப்படுப்பு சரியில்லை. நெருப்பு மூட்டினால் புகை, மூட்டாவிட்டால் குளிர். 1886-இல் பட்டம் பெற்றார். மறு வருஷம் பிப்ரவரியில் புனாவில் க்ஷயரோகத்தால் காலமானார்.

லண்டனில் மாணாக்கர் பெருகப் பெருக, அவர்களுக்கு வீடு வேண்டுமே என்ற கவலை பலருக்கு உண்டாயிற்று. கவலைப்பட்டவர்களின் உத்தேசங்கள்தாம் பலவிதம். ஷ்யாம்ஜி கிருஷ்ணவர்மா 1905-இல் ஹைகேட் பகுதியில் இந்தியா ஹவுஸ் என்ற விடுதியைத் திறந்தார். வீட்டு நினைவோடு போனவர்கள் அங்கே தேச நினைவோடு எழுந்தார்கள். சர்க்காரோ க்ராம்வெல் ரோடு 21-ஆம் எண் வீட்டைப் புதிதாக வருபவர்களின் தங்குமிடமாக ஏற்பாடு செய்தது. அங்கே உபசாரத்தோடு உளவும் உண்டு என்று மாணாக்கரில் பலர் சந்தேகித்தார்கள்.

1909 அக்டோபரில் விஜயதசமியை ஒட்டி லண்டன் இந்தியர்கள் ஒரு விருந்து நடத்தினார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தி தலைமை. மாமிசம், மது இல்லாமல் மாணாக்கரே சமைப்பது என்று ஏற்பாடு. சமைத்தவர்களில் ஒருவர் அங்கே வைத்தியம் படித்துக்கொண்டிருந்த நம் ஸ்ரீரங்கத்து டி. எஸ். எஸ். ராஜன். ஒல்லியான ஒரு சிறிய மனிதர் வந்து, யாரென்று சொல்லாமலே பாத்திரம் துலக்குவதும் காய் நறுக்குவதுமாகப் பிற்பகல் முழுவதும் கூட இருந்தாராம். பின்னர் வ. வே. ஸு. ஐயர் வந்து பார்த்துத் திகைத்தபோதுதான், அன்றைய தலைவரைத்தான் வேலை வாங்கினோம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. இருபத்தோரு வருஷத்துக்கு முன் அதே ஊரில் ரொட்டித் துண்டுக்கு ஏங்கியவருக்கு அந்தச் சமையலறையின் அருமை தெரியாமல் இருக்குமா?

ராமானுஜனைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க இயலாது. 1914 மார்ச்சு 17-ஆம் தேதி சென்னையில் நெவாஸா கப்பலில் ஏறியவர், ஏற்கெனவே குடுமியை எடுத்துவிட்டிருந்தார். நாமகிரித் தாயாரின் உத்தரவு கனவில் கிடைத்த பின்னரே தாயார் கோமளத்தம்மாள் சம்மதித்தார் என்பது குடும்பத்தில் வழங்கும் கதை. ஏப்ரல் நடுவில் லண்டன் சேர்ந்து, க்ராம்வெல் ரோடு வீட்டில் சில நாள் தங்கி, பிறகு கேம்பிரிட்ஜில் நெவில் துரையின் இல்லத்தில் ஜூன் வரையில் இருந்தார். நெவிலும் அவர் மனைவியும் அன்பானவர்கள். அந்த வாரங்களில் அவர் தேறியே இருந்தார் என்பது என் அபிப்பிராயம். டிரினிடி கல்லூரி அறைக்குத் தனியே போனதுதான், படிப்புக்கு எவ்வளவு சௌகரியமாயினும், உடம்புக்கும் மனத்துக்கும் கெடுதலாயிற்று. ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. நல்ல பாலும் பழமும் கிடைத்திராவிட்டால் இன்னும் கஷ்டப்பட்டிருப்பேன் என்றும், இனித் தாமே ஒன்றிரண்டு பதார்த்தம் சமைத்துக்கொள்ள வேண்டிய சாமான்களுக்கு ஊருக்கு எழுதியிருப்பதாகவும் ஒரு நண்பருக்குத் தெரிவித்தார்.

புள்ளியியல் மேதை மஹலநோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார். இரவெல்லாம் குளிர் தாங்கவில்லை, மேல்கோட்டோடு படுத்தும் பயனில்லை என்று ராமானுஜன் சொல்லவே, அவர் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. ஆனால் அந்த நாட்டு வழக்கப்படி அவை மெத்தையோடு இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்பால் மூடியிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டுமென்று தெரியாமல், ராமானுஜன் விரிப்பின்மேல் படுத்திருந்தார். உலகத்தின் தலைசிறந்த கணித அறிஞர்கள் சுற்றிலும் இருந்த இடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை. கேட்கவும் அவருக்குக் கூச்சம். மனைவி ஜானகியின் கடிதங்களோ அவருக்கு அனுப்பப்படாமல் மாமியாரிடமே நின்றுபோயின என்று அந்த அம்மையார் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1917-இல் நோய் கண்டது, 1919-இல் திரும்பினார், 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி காலமானார்.

சேலத்தில் பிறந்த கே. டி. பால், இந்திய மாணாக்கருக்கென்று ஒய். எம். சி. ஏ. சார்பில் லண்டனில் ஒரு விடுதியை நிறுவியது அதே 1920-இல். அதற்கு முதலில் கிடைத்த இடம் ஷேக்ஸ்பியர் ஹட் என்ற கட்டடம். ஷேக்ஸ்பியர் ஞாபகமாக நாடகசாலை கட்ட வாங்கிய நிலத்தில், யுத்த காலத்தில் வீட்டை விட்டு வெகுதூரம் வந்த நியூஜிலாந்துப் போர்வீரர் தங்குவதற்காக எழுப்பியது அது. போர்வீரர் ஊர் திரும்பியபின் நம் பிள்ளைகள் அதில் குடிபுகுந்தார்கள்.