பிளாஸ்திரியும் பால்மரமும்



காயத்திற்கென்று வாங்கி வைக்கும் பிளாஸ்திரிகளில் எத்தனை உண்மையாகவே காயத்திற்குப் போய்ச் சேருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பள்ளி திறந்த முதல் வாரத்தில் புதுக் காலணி குதிகாலைக் கடிக்கும் முன்னரே அங்கு ஒன்று ஒட்டப்படுகிறது. தேங்காய் துருவும் கையின் கட்டைவிரலுக்கு ஒன்று கவசமாகிறது. காது ஒடிந்த மூக்குக் கண்ணாடி, பிடி வழுக்கும் கத்தி, கொசுவலையின் கிழிசல், தரையைக் கீறும் நாற்காலிக் கால் என்று அதன் பணி நீண்டுகொண்டே போகிறது. பிள்ளையின் பெயரை எழுதித் தண்ணீர்ப் புட்டியில் ஒட்டுவதற்கும் அதுவே உதவுகிறது. தோலின் மேற்புறம் குத்தி நிற்கும் மெல்லிய முள்ளின்மீது ஒட்டி, மெதுவாக உரித்தால், சில வேளைகளில் முள்ளும் உடன் வந்துவிடுவதுண்டு. "காயத்துக்கு வாங்கினதை இப்படி வீணாக்குகிறீர்களே" என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள்.

ஆனால் இந்தப் பொருளின் வரலாற்றைப் படிக்கும்போது, வேறு வேலைக்குத் தாவுவது அதன் பிறவிக் குணம் என்றே தோன்றுகிறது. அந்த வரலாற்றின் ஒரு வேர் நம் மலாக்கா மண்ணில் இருக்கிறது. வகுப்பில் சொல்லத்தக்க செய்தி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

துணியில் மருந்தைத் தடவிப் புண்ணின்மேல் இடுவது நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவம் கூறும் முப்பத்திரண்டு வகைப் புற மருந்துகளுள் 'சீலை' என்பதும் ஒன்று. ஆயினும் கட்டாமல், முடியாமல், தானே தோலில் நிற்கும் துணி வேண்டுமென்றால் அதற்குப் பசை வேண்டும். அந்தப் பசையைத் தேடியவர்கள் மரத்தின் பாலிடம்தான் வந்து சேர்ந்தார்கள்.

1843-ஆம் ஆண்டில் வில்லியம் மாண்ட்கோமரி என்னும் மருத்துவர் சிங்கப்பூரிலிருந்து ஒருவகை மரப்பாலின் மாதிரியை இலண்டனுக்கு அனுப்பினார். மலாய்க்காரர்கள் அதனை வெந்நீரில் இளக்கிப் பாராங் கத்திக்குப் பிடி செய்து வந்ததை அவர் கண்டிருந்தார். மலாய் மொழியில் அதன் பெயர் கெத்தா பெர்ச்சா. நம் தோட்டத்து மக்கள் 'கித்தா' என்று வழங்கினார்களே, அந்தச் சொல்லும் இந்தக் 'கெத்தா'தான். ஐரோப்பியர் இப்பாலைக் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக்கினர்; அதற்காகத் தீபகற்பத்துக் காடுகளில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. 1882-இல் ஹாம்பர்க் நகரத்து மருந்தாளர் பால் பையர்ஸ்டார்ஃப், இதே பாலில் மருந்து கலந்த பிளாஸ்திரி செய்து காப்புரிமை பெற்றார். ஒரு மலாய் உழவரின் கத்திப்பிடியும் ஒரு ஜெர்மானிய நோயாளியின் பிளாஸ்திரியும் ஒரே மரத்தின் பிள்ளைகள்! இன்று நாம் கத்திப்பிடியில் பிளாஸ்திரி சுற்றுவது பழைய உறவைப் புதுப்பிப்பதாகும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அந்த நிறுவனத்தை 1890-இல் ஆஸ்கர் டிரோப்லோவிட்ஸ் வாங்கினார். அவர் காலத்தில் இரப்பர் கலந்து செய்த ஒரு பிளாஸ்திரி நன்றாக ஒட்டியது. ஆனால் தோலை அரித்துப் புண்ணாக்கியது. மருந்துக் கடைக்கு உதவாத சரக்கு. அவர் அதனைத் தூக்கி எறியவில்லை. 1896-இல் மிதிவண்டிச் சக்கரத்தின் ஓட்டையை அடைக்கும் பட்டையாக அதனை விற்றார். உலகில் பொறிப்பணிக்கென விற்கப்பட்ட முதல் ஒட்டுப்பட்டை அதுவே என்பர். நாம் வீட்டில் செய்வதை அவர் கடையில் செய்தார், அவ்வளவுதான். தோலுக்கு ஏற்ற பிளாஸ்திரி 1901-இல் துத்தநாக ஆக்சைடு சேர்த்த பின்னரே அவருக்குக் கைவந்தது.

அதே 1896-ஆம் ஆண்டில்தான் மலாக்காவில் டான் சே யான் என்பவர், சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லியின் வற்புறுத்தலுக்கு இணங்கி, புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ நாற்பது ஏக்கரில் இரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வாணிக நோக்கில் எழுந்த முதல் இரப்பர்த் தோட்டம் அது. பின்னர் புக்கிட் அசாகானில் மரவள்ளியோடு சேர்த்து இன்னும் பெரிய பரப்பில் பயிரிட்டார். இரண்டு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. அவ்வாண்டுகளில் உலகச் சந்தைக்கு வந்த இரப்பரின் பெரும்பகுதி அமேசான், ஆப்பிரிக்கக் காடுகளில் எடுக்கப்பட்டது. கன்று பால் தரவே ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். ஆனால் முதல் உலகப் போர் தொடங்கிய 1914-க்குள் தோட்ட இரப்பர் காட்டு இரப்பரை மிஞ்சிவிட்டது.

அந்தப் பாலை வெட்டியவர்கள் யார்? இங்கேதான் நம் பாட்டன் பாட்டியர் வரலாற்றுக்குள் வருகின்றனர். பொழுது புலரும் முன் பிரட்டுக்களத்தில் நின்று, பெயர் கொடுத்து, நிரைக்குப் போனவர்கள். விடியற்காலையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் ஒழுகுவது குறையும். அதனால்தான் அந்த அவசரம். உளியால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த பட்டையை மட்டும் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் வளர்திசு அறுபட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். மரத்திற்குக் காயம் பட்டதா என்று பார்ப்பதற்கு மேற்பார்வையாளர் வந்தார்; வெட்டியவரின் விரலில் காயம் பட்டதா என்று பார்க்க யாரும் நிரைக்கு வரவில்லை.

தோட்டத்து மருத்துவமனை என்ற சிறு கட்டடத்தில் 'டிரசர்' இருந்தார். மஞ்சள் மருந்து, ஊதா மருந்து, பஞ்சு, சுருள் பிளாஸ்திரி, கத்தரிக்கோல் ஆகியன அவரது படைக்கலங்கள். சிறு வெட்டுக்கு அங்கே போய்க் காத்திருந்தால் நிரையில் பால் உறைந்துவிடும். ஆகவே காப்பித்தூளையோ சுண்ணாம்பையோ அப்பி, கந்தல் துணியால் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தவர்களே மிகுதி. மரத்தின் பால் கப்பலேறிப் போய்ப் பசையாகித் திரும்பி வந்தது. அதை வடித்த விரலுக்குக் கிடைத்ததோ கந்தல். பாடநூல்கள் ரிட்லியின் பெயரையும் டான் சே யானின் பெயரையும் சொல்கின்றன, சொல்லத்தான் வேண்டும். அந்த விரல்களைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. அது அச்சேறும்வரை ஒரு பிளாஸ்திரியைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்பில் நாமே சொல்லலாம். தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி இருக்கும் பிள்ளை, அவரது கையைப் பார்த்துவிட்டு வந்து மீதியைச் சொல்லும்.

இனி, இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்திற்கு வருவோம். நடுவில் மெல்லிய வலைத்துணி வைத்த பட்டை, அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் பஞ்சு வாங்கும் பணியிலிருந்த ஏர்ல் டிக்சனால் 1920-இல் உருவானது. அவர் மனைவி ஜோசபின் சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வார். தனியே இருக்கும்போதும் அவரே ஒட்டிக்கொள்ளட்டும் என்று, நீண்ட ஒட்டுப்பட்டையின் நடுவே வலைத்துணியை வைத்து டிக்சன் ஆயத்தம் செய்தார். ஆக, பிறந்த இடமே அடுப்படிதான். 1921-இல் விற்பனைக்கு வந்தபோது அது பதினெட்டு அங்குல நீளத்தில் இருந்தது. வேண்டிய அளவு வெட்டிக்கொள்ள வேண்டும். முதலில் பெரிதாக விற்கவில்லை.

போர்க்காலத்தில் இன்னொரு தாவல் நிகழ்ந்தது. 1943-இல் இல்லினாய் மாநிலத்து வெடிமருந்து ஆலையில் பணிபுரிந்த வெஸ்டா ஸ்டவுட் என்னும் தாய், வெடிமருந்துப் பெட்டிகளை ஒட்டும் தாள்பட்டை பிரிக்கும்போதே கிழிகிறது, துணிப்பட்டை வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். அவருடைய மக்கள் கடற்படையில் இருந்தனர். அப்பட்டையைச் செய்யும் பணி அதே பிளாஸ்திரி நிறுவனத்திடம் வந்தது. இன்று குழாய் முதல் கூரை வரை ஒட்டும் அகலமான துணிப்பட்டைக்கு அதுவே மூதாதை. அந்த ஆண்டில் மலாயாவோ ஜப்பானியர் பிடியில் இருந்தது. நம்மவர் பலர் சயாம் மரண இரயில் பாதையில் மடிந்துகொண்டிருந்தனர்.

வீட்டுப் பயன்களைப் பற்றிப் பேசினோம். ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இரப்பர் மட்டும் இருந்தால் இழுபடுமே தவிர நன்றாக ஒட்டாது. பிசின் சேர்ந்தால்தான் பசை மெல்ல ஒழுகி, மேற்பரப்பின் நுண்குழிகளுக்குள் படியும். எண்ணெயோ ஈரமோ இருந்தால் படியாது. ஆகவே துடைத்துவிட்டு ஒட்டுங்கள். நூலின் முதுகு கிழிந்தால் மட்டும் பிளாஸ்திரியை நாடாதீர்கள். காற்றும் வெளிச்சமும் பட்டு இரப்பர்ப் பசை பழுப்பேறித் தாளுக்குள் ஊறிவிடும். பழைய தமிழ்ப் பாடநூல்களில் எழுத்துகளின் மேல் தவிட்டு நிறத்தில் ஒரு பட்டைக்கறை இருக்கிறதல்லவா, அது இத்தகைய அன்பின் அடையாளம். அரிசிக் கஞ்சியும் மெல்லிய தாளும் அதனினும் மேல். மின்கம்பியின் கிழிசலுக்கு இதனை ஒட்டவே கூடாது; வலைத்துணி ஈரத்தை உறிஞ்சும்.

இன்றைய பிளாஸ்திரிகள் பலவற்றில் இயற்கை இரப்பர் இல்லை. அக்ரிலிக் பசை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மரப்பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குவது இதற்கு ஒரு காரணம். அத்தகையோரில் சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்வதில்லை. உங்கள் பிள்ளைக்குப் பிளாஸ்திரி ஒட்டிய இடம் சிவந்து தடித்தால் மருத்துவரிடம் காட்டி, வகுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பள்ளியின் முதலுதவிப் பெட்டிக்கு அடுத்த முறை வாங்கும்போது, உறையில் இயற்கை இரப்பர் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்கலாம்.