மாரிகுப்பம் வரை

அடி அண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு கோலார் தங்கவயலைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காடு போன்ற ஜில்லாக்களிலிருந்து போன தமிழர்கள். அவர்களிலும் பெரும்பான்மை தலித்துகள். தேயிலைத் தோட்டத்துக்கு நம் எழுத்தில் கிடைத்த இடத்தில் கால்பங்குகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மூடிப்போன நிலக்கரி ஊரில், வாகன்களை நிரப்பிய மேடைகள் துருப்பிடித்து நிற்கும். பூமிக்குள் இருந்ததை ரயில் ஏற்றிக்கொண்டு போயிருக்கும். தங்கவயலில் கதை தலைகீழ். பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை 1894இல் திறந்த பாதை, ஜான் டெய்லர் கம்பெனி நிர்வகித்த சுரங்கங்களுக்காக வந்தது. நீராவி எஞ்சினுக்கு எரிபொருள், சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்க மரம், இயந்திரம், தானியம், ஆள் எல்லாம் உள்ளே வந்தன. 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்து நீராவியின் வேலையைக் குறைத்தது. வெளியே போனதோ, கல்லை இடித்துப் பொடியாக்கி, சயனைடில் கரைத்துப் பிரித்த பொன். 120 வருஷத்தில் சுமார் 800 டன். நீளமான ஒரு கூட்ஸ் வண்டியை நிரப்பாத சரக்கு. 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட பொடி அங்கேயே சயனைடு மேடுகளாகக் கிடக்கிறது. வங்கியில் நகைக்கடன் மேஜையில் நாள் முழுக்கக் கிராம்களைக் குறிக்கிற எனக்கு இந்த விகிதம் உறுத்துகிறது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். பாறை தானாக வெடித்துச் சிதறும். 1965இல் அங்கே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை விஞ்ஞானிகள் கண்டார்கள். பௌதிக சரித்திரத்தில் அந்த ஆழத்துக்கு இடமிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதே ஊர்த் தொழிலாளர்கள் 1930இல், கைரேகை எடுத்துப் பதிவு செய்வதை எதிர்த்து 21 நாள் வேலைநிறுத்தம் செய்ததைத் தமிழில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? படிப்பில்லாத கூலிகள் என்று சொல்லப்பட்டவர்கள், குற்றவாளியிடம் எடுப்பதைப்போல் தங்களிடம் எடுக்கக்கூடாது என்றார்கள். இதைக் கூலிக்கான சண்டையாகச் சுருக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சுரங்கத்துக் கல்லில் ஒரு பங்கு ரயிலேறி வெளியே போகவும் செய்தது. பாறையைத் துளையிடும்போது கிளம்பும் தூசி நுரையீரலில் படிந்து இறுகும், சிலிக்கோசிஸ் என்பார்கள். 1940களில் தங்கவயலில் 7,653 பேரைச் சோதித்ததில் 43.7 சதவீதத்தினருக்கு அது இருந்தது. வேலைக்கு லாயக்கில்லாமல் ஊர் திரும்பியவன் பங்காருபேட்டை, ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடி வந்து, மீட்டர் கேஜுக்கு மாறி இந்தப் பக்கம் வருவான். கம்பெனிக் கணக்கில் பொன்னுக்கு எடை உண்டு. அவன் நெஞ்சுக்குள் கொண்டுவந்ததற்கு நிறுவைச் சீட்டு கிடையாது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்களை மூடினார்கள். மேடுகளில் மிஞ்சிய பொன்னை மறுபடி பிரித்தெடுக்கும் யோசனை அவ்வப்போது எழுகிறது. மாரிகுப்பம் பாதையில் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவற்றில் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள்.