பல்கலைக் கழக நூலகங்களும் மின்னணு இதழ்களின் காப்பும்

அச்சு இதழ்களின் காலத்தில் பல்கலைக் கழக நூலகத்தின் கடமை தெளிவாக இருந்தது. சந்தா கட்டினால் இதழ் அஞ்சலில் வரும். ஆண்டு முடிவில் இதழ்களைத் தொகுத்துத் தைத்து, அட்டையிட்டு, அலமாரியில் அடுக்குவர். மறு ஆண்டு சந்தா நின்றாலும், இதழை நடத்திய நிறுவனமே மறைந்தாலும், அலமாரியில் இருந்தது நூலகத்தின் உடைமையே.

1990-களின் நடுவில் இந்நிலை மாறிற்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழக நூலகம் 1995-இல் ஹைவயர் என்னும் பிரிவைத் தொடங்கி, உயிர்வேதியியல் ஆய்விதழ் ஒன்றை இணையத்தில் ஏற்றியது. பிற இதழ்களும் விரைந்து பின்தொடர்ந்தன. படிப்போருக்கு இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆயின் நூலகம் வாங்கியது யாது? இதழ் பதிப்பகத்தாரின் கணிப்பொறியிலேயே இருந்தது. அங்குச் சென்று படிக்கும் உரிமை மட்டுமே நூலகத்திற்குக் கிட்டியது. சந்தா நின்றால், முன்பு பணம் கொடுத்துப் பெற்ற ஆண்டுகளின் இதழ்களும் கைவிட்டுப் போகக்கூடும். சொந்த வீட்டுக்காரர் வாடகைக் குடியானார் என்றே இதனைச் சொல்லுவோம்.

இக்குறைக்குத் தீர்வு காண, அதே நூலகத்தின் விக்டோரியா ரைக் அம்மையாரும் கணிப்பொறி அறிஞர் டேவிட் ரோசன்தாலும் 1999-இல் 'லாக்ஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். படிகள் பல இருப்பின் பொருள் காக்கப்படும் எனப் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களால் அமைந்த பெயர் அது. பூட்டுக்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியும் அதில் உண்டு. பொது ஆவணங்களைப் பூட்டி வைப்பதைவிடப் படிகளைப் பெருக்குவதே காப்பு என்னும் கருத்தை ஜெபர்சன் 1791-லேயே ஒரு மடலில் எழுதியுள்ளார். அவர் மனிதர்களை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தவர் என்பதை நாம் மறக்கவில்லை. கருத்து மட்டும் நமக்கு உடன்பாடே. பண்டித அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய 'தமிழன்' ஏட்டை எண்ணிப் பார்ப்போம். பண்டிதர் 1914-இல் மறைந்தார். அன்பர்கள் தம் வீடுகளில் காத்து வந்த இதழ்களன்றோ, 1999-இல் அவருடைய சிந்தனைகள் தொகுதிகளாக வெளிவரத் துணை நின்றன!

லாக்ஸ் முறை எளிமையானது. ஒவ்வொரு நூலகமும் விலை குறைந்த கணிப்பொறி ஒன்றை இதற்கென ஒதுக்குகிறது. பதிப்பகத்தாரின் இசைவோடு, அந்நூலகம் சந்தா கட்டிய இதழ்களை அது மெல்லத் திரட்டி வைத்துக்கொள்கிறது. பதிப்பகத்தாரின் கணிப்பொறி விடையளிக்காதபோது வாசகருக்கு இப்படியே கிடைக்கும். வைத்ததோடு வேலை முடிவதில்லை. ஓலைச் சுவடியைச் செல் அரித்தால் கண்ணுக்குத் தெரியும். காந்தத் தட்டில் ஓர் எழுத்துச் சிதைந்தால் எவரும் அறியார். எனவே இக்கணிப்பொறிகள் அவ்வப்போது தம்முள் வாக்கெடுப்பு நடத்துகின்றன. ஒவ்வொன்றும் தன் படியைக் கணக்கிட்டு ஒரு சுருக்கக் குறியை அனுப்பும். பெரும்பான்மையோடு முரண்படும் படி பழுதுற்றதாகக் கொள்ளப்பட்டு, பதிப்பகத்தாரிடமிருந்தோ பிற நூலகத்திடமிருந்தோ நல்ல படி பெற்றுத் திருத்தப்படும். அவ்விதழை முன்பு முறையாக வைத்திருந்ததை மெய்ப்பித்த நூலகத்திற்கே பிற நூலகம் உதவும். ஆதலால் திருட்டுக்கு இடமில்லை. தலைமைக் கணிப்பொறி என ஒன்றில்லை. எதன் சொல்லும் வேதவாக்கன்று. ஆறு நூலகங்களில் முதற்சோதனை நடந்தது. 2004-இல் திட்டம் முறையான பயன்பாட்டிற்கு வந்தது.

2006-இல் பதிப்பகங்களும் நூலகங்களும் கூடி 'கிளாக்ஸ்' என்னும் கிளைத் திட்டத்தைத் தோற்றுவித்தன. பல நாடுகளிலுள்ள 12 இடங்களில் படிகள் மூடி வைக்கப்படும். ஓர் இதழ் வேறெங்கும் கிடைக்காது போயின் அனைவருக்கும் இலவசமாகத் திறக்கப்படும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பற்றிய 'கிராஃப்ட்' என்னும் ஆய்விதழ் 2003-இல் நின்றுபோயிற்று. அதன் பக்கங்கள் இவ்வழியே ஸ்டான்ஃபோர்டு, எடின்பரோ ஆகிய பல்கலைக் கழகங்களிலிருந்து மீண்டும் வெளிவந்தன.

எனினும் இக்காப்பு எல்லார்க்கும் எட்டவில்லை. 2000 முதல் 2019 வரை, கட்டணமின்றிப் படிக்கத்தக்க 174 ஆய்விதழ்கள் இணையத்திலிருந்து மறைந்ததை 2021-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. அவற்றுட் பெரும்பாலானவை சமூகவியல், மானிடவியல் சார்ந்த துறைகளின் இதழ்கள். 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வு ஏறத்தாழ 74 இலட்சம் வெளியீடுகளைச் சோதித்தது. அவற்றுள் 20 இலட்சத்திற்கு எந்தக் காப்பகத்திலும் படி காணப்படவில்லை. பெரும் பதிப்பகங்களின் நிலை மேலாக இருந்தது; சிறியோர் நடத்தியவையே பெரிதும் வெளியே நின்றன. இத்தகையோர்க்கென, கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த பொது அறிவுத் திட்டத்தார் 2016-இல் லாக்ஸ் முறையிலேயே கட்டணமில்லாக் காப்பு வலையொன்றைத் திறந்தனர். அவர்கள் வழங்கும் இலவச மென்பொருளால் இதழ் நடத்துவோர், பன்னாட்டு இதழ் எண் பெற்று, ஓர் இதழேனும் வெளியிட்டிருந்தால் அதில் சேரலாம்.