ஊர் நல்லா இருந்தாத்தான் ஆட்டம்: ஆர்பிஜி பழங்கதை கொஞ்சம்

நண்பன் ஒருத்தன் இருக்கான். ஸ்கூல் காலத்துலேர்ந்து பழக்கம். சுடுற கேம், கார் ஓட்டுற கேம் தவிர வேற எதையும் தொடமாட்டான். நான் ஆர்பிஜி விளையாடுறதைப் பாத்தாலே அவனுக்குக் கொட்டாவி வந்துடும். "எதுக்குடா இவ்வளவு படிக்கிற? அந்த ஊர் எப்ப உண்டாச்சு, ராஜாவோட தாத்தா யாரு... சண்டை நல்லா இருந்தா போதாதா? மத்ததெல்லாம் பின்னாடி தொங்கவிட்ட சீன் துணிடா" அப்படிம்பான். நாடகத்துல அரண்மனை சீன், காட்டு சீன்னு துணி மாத்துவாங்களே, அதைச் சொல்றான்.

அவன் சொல்றதுல பாதி சரிங்கிறதுதான் எனக்கு எரிச்சல். முக்காவாசி ஆர்பிஜில அது சீன் துணியேதான். ஒரு காடு, காட்டுல காது நீண்ட எல்ஃப், மலைக்குள்ள தாடி வச்ச குள்ளன், மேல ஒரு டிராகன். அட்டையை மாத்தினா கேமே தெரியாது. மீதிப் பாதிக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

(விளையாடாதவங்களுக்கு: ஆர்பிஜின்னா நீங்க ஒரு பாத்திரமா மாறி, ஊர் ஊரா சுத்தி, பேசி, சண்டை போட்டு, மெல்ல வளர்ற ஆட்டம். அவ்வளவுதான்.)

கதை 1974ல ஆரம்பிக்குது. அமெரிக்கால கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டாங்க. காகிதம், பென்சில், பகடை, நாலு நண்பர்கள். கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. களம்? டோல்கீன்கிட்டேர்ந்து நிறைய சுட்டதுதான். ஹாபிட் அப்படியே ஹாபிட்ங்கிற பேர்லயே இருந்துச்சு. டோல்கீன் கதைகளோட உரிமை வச்சிருந்தவங்க 1977 வாக்குல வக்கீலைக் காட்டினதும் ஹாபிட் 'ஹாஃப்ளிங்' ஆயிடுச்சு. இன்னைக்கும் எத்தனையோ கேம்ல இந்த ஹாஃப்ளிங் வர்றதைப் பாக்கலாம். ஒரு வக்கீல் நோட்டீஸ்ல பிறந்த இனம்!

இதை உடனே கம்ப்யூட்டருக்குக் கொண்டு போனது காலேஜ் பசங்க. இல்லினாய் பல்கலைக்கழகத்துல பிளேட்டோன்னு பாடம் நடத்துறதுக்கான ஒரு கம்ப்யூட்டர் அமைப்பு. அதுல 1975ல ஒருத்தர் பாடம் மாதிரி தெரியுற மொக்கையான பேர்ல ('பெடிட்5') ஒரு பாதாள ஆட்டத்தை ஒளிச்சு வச்சார். நிர்வாகம் கண்டுபிடிச்சு அழிச்சுது. வாத்தியாருக்குத் தெரியாம நோட்டுக்குள்ள காமிக்ஸ் வச்சுப் படிச்ச பரம்பரைதான் நம்ம பரம்பரை.

1981ல ரெண்டு பெரிய தலைங்க வந்துச்சு: விசார்ட்ரி, அல்டிமா. விசார்ட்ரியோட களம்னா பத்து மாடிப் பாதாளம், கோடு கோடா சுவர். கதையில வர்ற ராஜா பேரு டிரெபர், வில்லன் பேரு வெர்ட்னா. ஆங்கிலத்துல எழுதித் திருப்பிப் படிச்சா ராபர்ட், ஆண்ட்ரூ. கேமை எழுதின ரெண்டு பேரோட பேருங்க! அந்த அளவுக்குத்தான் களத்துக்கு மரியாதை. 'குசினார்ட்'னு ஒரு வாள் வரும். அமெரிக்க அடுப்படி மிஷின் ஒண்ணோட பேரை வச்சு அடிச்ச ஜோக். நம்மூர்ல 'மிக்ஸி வாள்'னு வச்ச மாதிரி. கேம் ஜப்பானுக்குப் போனப்ப இந்த ஜோக்கு யாருக்கும் புரியல. ஏதோ மாபெரும் கொல்லன் அடிச்ச புராண வாள்னு நம்பி அதைக் கொண்டாடிட்டாங்க. எனக்கு இதுல சிரிப்போட ஒரு மரியாதையும் உண்டு. எழுதினவனே விளையாட்டுக்கு வச்ச உலகத்தை ஜப்பான்காரன் சீரியஸா எடுத்துக்கிட்டான். விசார்ட்ரிலயும் அல்டிமாலயும் மயங்கிக் கிடந்த யூஜி ஹோரிதான் 1986ல டிராகன் குவெஸ்ட் பண்ணார். அங்கேர்ந்து ஜப்பான் ஆர்பிஜி தனி மரமா வளந்துச்சு. அது தனிக் கதை, இன்னொரு நாள் பாப்போம்.

அல்டிமா முதல் பாகம் இன்னும் கூத்து. கத்தி, குதிரைன்னு ஆரம்பிச்சு, நடுவுல விண்வெளி ஓடத்துல ஏறி எதிரிக் கப்பல்களைச் சுட்டுட்டு, கடைசியில கால இயந்திரத்துல போய் மந்திரவாதியைக் கொல்லணும். ரிச்சர்ட் காரியட்ங்கிற பையன் தனக்குப் பிடிச்ச எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டினது. தப்பில்ல, அந்த வயசுல நானும் அதைத்தான் பண்ணியிருப்பேன்.

இனிமேதான் மேட்டரே. மூணாவது பாகம் வந்தப்புறம் காரியட்டுக்கு ஆட்டக்காரங்ககிட்டேர்ந்து நேரடியா கடிதங்கள் வர ஆரம்பிச்சுது. படிச்சவருக்கு ஷாக். ஜனங்க ஊர்க்காரங்களைக் கொன்னு, கடையில திருடி, அப்புறம் போய் உலகத்தைக் காப்பாத்தியிருக்காங்க. கேம் அதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்லல, 'வீரனே வாழ்க'ன்னு முடிச்சுடுச்சு. இதுக்குப் பதிலாத்தான் 1985ல அல்டிமா நாலாவது பாகம் வந்துச்சு. அதுல வில்லனே கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவுன்னு எட்டு குணம். எட்டுலயும் தேறி 'அவதார்' ஆகணும். ஆமாங்க, நம்ம அவதாரம்தான். ஹிந்து மதத்துலேர்ந்து எடுத்த வார்த்தைன்னு அவரே பேட்டியில சொல்லியிருக்கார். ஒவ்வொரு கோயில்லயும் ஒரு மந்திரம் சொல்லித் தியானம் பண்ணணும், ஆன்மிகத்துக்கான மந்திரம் 'ஓம்'. முதல் தடவை அதைப் பாத்தப்ப நாற்காலியில நிமிந்து உக்காந்தேன்.

இதுல களம் எங்க வருதுங்கிறீங்களா? அந்த நாட்டு மேப்பே எட்டு குணத்தை வச்சுப் போட்டது. குணத்துக்கு ஒரு ஊர். பணிவுக்கான ஊர் எதுன்னு தேடிப் போனா, அது இடிஞ்சு கிடக்கு. மஜின்சியான்னு பேரு, ஆணவத்தால அழிஞ்ச ஊர். பணிவு அங்க ஒரு ஆளா இல்ல, பாழா இருக்கு. ஆட்டம் ஆரம்பிக்கறப்ப ஒரு குறிகாரி ஏழு கேள்வி கேப்பா. எல்லாத்துலயும் பணிவைத் தேர்ந்தெடுத்தா நீங்க ஆடு மேய்க்கிறவரா பிறப்பீங்க. இருக்கிறதுலயே சோப்ளாங்கி பாத்திரம், ஆரம்பிக்கிறதும் அந்தப் பாழுக்குப் பக்கத்துல.

அப்புறம் அந்த மருந்துக்காரம்மா. மந்திரத்துக்கு வேண்டிய பூண்டு, ஜின்செங் வேர், சிலந்தி நூல் எல்லாம் விக்கிறவங்க. கண்ணு தெரியாது. விலை சொல்வாங்க, எவ்வளவு காசு வைக்கிறீங்கன்னு நீங்கதான் டைப் பண்ணணும். நான் என்ன பண்ணேன்? ஒரே ஒரு காசு. சும்மா பாப்போமேன்னு. ஒண்ணும் ஆகல. அலாரம் அடிக்கல, காவலாளி வரல, அந்தம்மாவும் திட்டல. அட, கேம்ல ஒரு ஓட்டைன்னு சந்தோஷமா மூட்டை மூட்டையா வாங்கினேன். பல மணி நேரம் கழிச்சு கோட்டைக்குப் போய் ஹாக்விண்ட்ங்கிற ஞானிகிட்ட என் நேர்மை எப்படின்னு கேட்டா, மனுஷன் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டார். ராத்திரி ரெண்டு மணி, ஹாஸ்டல் ரூம்ல தனியா உக்காந்திருக்கேன், காது சூடாயிடுச்சு. கேம்ல தோத்தது நிறைய உண்டு. வெக்கப்பட்டது அன்னைக்குத்தான்.

சீன் துணியால இதைச் செய்ய முடியாது. ஊரோட இயல்பும் ஆட்டத்தோட விதியும் ஒண்ணா இருந்தாத்தான் முடியும். என் கட்சி இவ்வளவுதான்.

இதுக்கு அடுத்த பெரிய உதாரணம் ஃபால்அவுட், 1997. அது பிறந்ததே விபத்து. இன்டர்பிளே கம்பெனி 1988ல வேஸ்ட்லேண்ட்னு அணுகுண்டுக்கு அப்புறமான உலகத்தை வச்சு ஒரு கேம் பண்ணியிருந்தாங்க. ஆனா உரிமை வேற கம்பெனிகிட்ட மாட்டிக்கிச்சு. சரி, புதுசா உலகம் பண்ணுவோம்னு டிம் கெய்ன் குழு இறங்குச்சு. விதிமுறைக்கு 'கர்ப்ஸ்'ங்கிற காகித ஆட்டத்தோட லைசென்ஸ். கேம் பாதிக்கு மேல முடிஞ்சப்புறம் அந்த உடன்பாடும் முறிஞ்சு போச்சு. வேற வழியில்லாம கொஞ்ச நாள்ல சொந்தமா ஒரு விதிமுறை எழுதினாங்க. களமும் விதியும் ரெண்டுமே கடன் இல்லாம சொந்தமா நின்னது இப்படித்தான்.

அந்த உலகம் நம்ம எதிர்காலம் இல்ல. 1950கள்ல அமெரிக்காக்காரன் கனவு கண்ட எதிர்காலம், வால்வு ரேடியோவும் அணுசக்திக் காருமா. 2077ல அது குண்டு விழுந்து கருகிடுது. நீங்க பூமிக்கடியில ஒரு பாதுகாப்பு அறையில, வால்ட் 13ல, பிறந்து வளந்தவர். அங்க தண்ணி சுத்திகரிக்கிற சிப் கெட்டுப் போச்சு. 150 நாளுக்குள்ள வேற சிப் கொண்டு வரணும், இல்லாட்டி எல்லாரும் காலி. உலகத்தைக் காப்பாத்துறது, இருள் அரசன்னு ஒரு ஜல்லியும் இல்லை. தண்ணி!

தண்ணிதான் அந்த உலகத்தோட விதி. பாட்டில் மூடிதான் நாணயம், அதுக்கு மதிப்பு கொடுக்குறது ஹப் ஊர்ல இருக்கிற தண்ணி வியாபாரிங்க. காசு கொடுத்தா அவங்க உங்க வால்ட்டுக்குத் தண்ணி வண்டி அனுப்புவாங்க, 100 நாள் கூடுதல் டைம் கிடைக்கும். வெயில் காலத்துல தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில போட்ட யாருக்கும் இதைத் தனியா விளக்க வேணாம். முக்கிய வில்லனைச் சுடாமலே ஜெயிக்கலாம்ங்கிறது இன்னொரு அழகு. மனுஷங்களை எல்லாம் புது இனமா மாத்தி உலகத்தைச் சரி பண்ணப் போறேங்கிறான் அவன். அந்தப் புது இனத்துக்குக் குழந்தையே பிறக்காதுன்னு ஆதாரத்தைக் காட்டினா மனசொடிஞ்சு தானே முடிச்சுக்குவான். அந்த ஆதாரத்தைத் தேடி அலையுறதும் அந்த ஊர்லதான்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1999 டிசம்பர்ல பிளேன்ஸ்கேப் டார்மென்ட். நான் ரொம்ப நேசிக்கிற கேம், ஆனா யாருக்கும் சிபாரிசு பண்ண பயப்படுற கேம். அவ்வளவு படிக்கணும். பிணவறை மேடையில கண் முழிக்கிறீங்க, பேர் ஞாபகமில்ல, சாவும் வராது. செத்தா மறுபடி எழுந்துக்குவீங்க. மத்த கேம்ல 'செத்தா திரும்ப லோடு பண்ணு'ங்கிறது வெளியில இருக்கிற வசதி. இங்க அதுவே கதை, அதுவே சாபம். அந்த உலகத்துல நம்பிக்கைக்கு நிஜத்தை மாத்துற சக்தி உண்டு. இதை வசனத்துல மட்டும் சொல்லிட்டு விடல. யாராவது உங்க பேரைக் கேக்குறப்ப 'அடான்'னு பொய் சொல்லிப் பாருங்க. திரும்பத் திரும்ப சொன்னா, ஒரு கட்டத்துல அடான்ங்கிற ஆளே நிஜமா வந்து நிப்பான். நான் அவனைப் பாத்தப்ப பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு திரும்பிப் பாத்தேன். (தங்கமணி இருந்தாங்க. முறைச்சாங்க.)

மாரோவிண்ட் (2002) பத்தியும் சொல்லணும். அதுக்கு முன்னாடி 1996ல வந்த டாகர்ஃபால் பிரம்மாண்டம், ஆனா ஆயிரக்கணக்கான ஊரும் ஒரே அச்சு. மாரோவிண்ட் சின்னத் தீவு, ஆனா ஒவ்வொரு அடியும் புதுசு. யானையை விடப் பெரிய பூச்சிதான் பஸ். மந்திரவாதிங்க ராட்சசக் காளானுக்குள்ள குடியிருப்பாங்க, மாடிக்குப் படிக்கட்டே இருக்காது. பறக்கத் தெரியாதவனுக்கு என்கிட்ட என்ன வேலைங்கிற திமிர் அந்தக் கட்டடத்துலயே இருக்கு. வழி காட்ட அம்புக்குறி கிடையாது. பாலம் தாண்டி வடக்கால போ, பாறைகிட்ட திரும்புன்னு ஆளுங்க சொல்றதைக் கேட்டு அலையணும், சிலபேர் தப்பாவும் சொல்வாங்க. நாலு வருஷம் கழிச்சு அடுத்த பாகம் அப்லிவியன். அந்த நாடு ஒரு பெருங்காடு, கொடி படர்ந்த வெப்பமண்டலம்னு 1998லயே அவங்களே கையேடு போட்டிருந்தாங்க. கேம்ல வந்தது புல்வெளி, ஓக் மரம், ஐரோப்பாக் கோட்டை. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்கள் ஓடி முடிஞ்ச நேரம், வேறென்ன எதிர்பாக்க முடியும்? பறக்குற மந்திரத்தையும் தூக்கிட்டாங்க. நல்லா வித்துச்சு. எனக்குத்தான் வயித்தெரிச்சல்.

அதுக்காக எல்லாம் போச்சுன்னு புலம்ப மாட்டேன். 2019ல எஸ்டோனியாக்காரங்க பண்ண டிஸ்கோ எலிசியம்ல, ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி தோத்துப்போன புரட்சியோட துப்பாக்கிக் குண்டு ஓட்டை இன்னும் சுவர்ல இருக்கும். எல்ஃபும் இல்ல, வாளும் இல்ல. குடிகார போலீஸ்காரன் ஒருத்தன், ஒரு பேட்டை. போதும்.

சரி, நம்ம நண்பன்கிட்ட வர்றேன். போன மாசம் அவனுக்கு உடம்பு சரியில்லாம பத்து நாள் வீட்டுல கிடந்தான். பழைய ஃபால்அவுட்டைப் போட்டுக் கொடுத்துட்டு வந்தேன். "வசனத்தைப் படிக்காட்டி பரவாயில்லடா, சுடு" அப்படின்னேன். (இனி வர்றது கேமோட முடிவு. விளையாடப் போறவங்க இங்கயே நிறுத்திக்கங்க.)

ஒம்பதாவது நாள் நடு ராத்திரி போன். எடுத்ததும் ஹலோ கூட இல்ல. "டேய், அந்தக் கிழவன் என்னை உள்ள விட மாட்டேங்குறான்டா." சிப் கொண்டு வந்து, ஊரையே காப்பாத்திட்டு வாசல்ல நிக்கிறப்ப, வால்ட்டோட தலைவர் சொல்வார்: நீ வெளியுலகத்தைப் பாத்துட்ட, மாறிட்ட, பசங்க உன்னைப் பாத்து எல்லாரும் கிளம்பிடுவாங்க, அதனால நீ உள்ள வரக்கூடாது. அவ்வளவுதான். திரும்பி பாலைவனத்துல நடந்து போறதோட படம் முடியும்.

"அவங்களுக்காகத்தானே தண்ணிக்கு அலைஞ்சேன்" அப்படின்னான். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அவனைச் சுட முடியுமா?"

முடியும், ஆட்டம் முழுக்க கெட்டவனா இருந்தா அது நடக்கும்னு சொன்னேன். முந்தாநாள் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கான். ஷேடி சாண்ட்ஸ்ல ஒரு கிழவியைக் கொல்லணும், கை வரலடான்னு மெசேஜ் அனுப்பியிருக்கான்.