காந்தத் துணைப்புயல்: நம்பப்படாத ஒரு கருத்தின் கதை

துருவ ஒளி அமைதியாகத் தொங்கும் பச்சைத் திரை என்றுதான் நம் மாணவர்கள் நினைக்கிறார்கள். சில இரவுகளில் அது சில நிமிடங்களிலேயே வெடித்துப் பரவும். தரையிலுள்ள காந்த ஊசியும் ஆடும். இதுதான் துணைப்புயல். தொடங்கி வைப்பது எது என்று மாணவர் கேட்டால் என்ன சொல்வீங்க?

நார்வேயின் கிறிஸ்டியன் பிர்க்லாண்ட் இதைத் தேடிப் பனிமலைகளில் அலைந்தார். பனிச்சரிவில் குழுவில் ஒருவரை இழந்தும் விடவில்லை. 1902-03இல் நார்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன், நோவாயா செம்லியா என நான்கு இடங்களில் காந்தக் கருவிகளை வைத்தார். விண்வெளியிலிருந்து காந்தப்புலக் கோடுகள் வழியாக மின்னோட்டம் இறங்குகிறது என்பது அவர் முடிவு. சிட்னி சாப்மன் இதை ஏற்கவில்லை. மின்னோட்டம் மேல் வளிமண்டலத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்றார். சாப்மன் பெரிய கணித அறிஞர், அவர் பேச்சுதான் எடுபட்டது. பிர்க்லாண்ட் 1917இல் தோக்கியோவில் இறந்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1966இல் வெளியான செயற்கைக்கோள் அளவீடுகளில்தான் அந்த மின்னோட்டத்தின் தடயம் கிடைத்தது. தரையில் மட்டும் அளந்தால் இரண்டு கருத்துகளையும் பிரித்தறிய முடியாது என்பதே இந்தத் தாமதத்துக்குக் காரணம். பிடிவாதம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது, பாருங்க.

இதில் ஒரு வேடிக்கை: துணைப்புயலின் படிநிலைகளை 1964இல் வரைந்து காட்டிய அக்காசோஃபு, சாப்மனின் மாணவர்.

அடுத்து வேறொரு சண்டை. சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தை இரவுப் பக்கம் நீண்ட வாலாக இழுக்கிறது. வாலின் தொலைவில் புலக்கோடுகள் அறுந்து மீண்டும் இணைவதே தொடக்கம் என்றது ஒரு சாரார். பூமிக்கு அருகே மின்னோட்டம் சிதைவதே தொடக்கம் என்றது மறு சாரார். எது முந்தியது என்று பார்க்க நாசா 2007இல் தெமிஸ் என்ற ஐந்து செயற்கைக்கோள்களை அனுப்பியது. 2008 பிப்ரவரி 26 அன்று, ஏறத்தாழ 20 புவி ஆரத் தொலைவில் மறு இணைப்பு முதலில் நடந்தது. 96 விநாடியில் துருவ ஒளி பொங்கியது. அதன் பிறகே அருகில் மின்னோட்டம் சிதைந்தது.

ஆனால் எல்லாரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பிளாஸ்மாவில் புலக்கோடு வீணைத் தந்தி போல் அதிரும். 1942இல் ஹான்ஸ் அல்ஃப்வேன் கணித்த அலை அது. அந்த அலை இவ்வளவு சீக்கிரம் செய்தி கொண்டுவருமா என்பதே கேள்வி. வகுப்பில் கணக்குப் போடச் சொல்லுங்க: 1,27,000 கிலோமீட்டரை 96ஆல் வகுத்தால் விநாடிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது.